முளையும் மாவும்: விற்றமின் 'ஈ', கோழியினம், தலவாக்கலைத் தோட்டங்கள் – ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றை எழுத முற்பட்டோர் கூலி, கடன், குடியுரிமை, தொழிற்சங்கம் ஆகியன குறித்துப் பெருமளவு எழுதியுள்ளனர். அம்மக்களின் உணவு பற்றி எழுதப்பட்டவை அவற்றோடு ஒப்பிடுகையிற் குறைவு. இலக்கிய மாணவராகிய நாம் உணவைப் பற்றி, அதிலும் கோழியின் உணவைப் பற்றி எழுதத் துணிவது எல்லை மீறலாகச் சிலருக்குத் தோன்றக்கூடும். ஆயினும், ஒரு சமூகத்தில் எவர் எதனை உண்கின்றனர், எவருக்கு எது எட்டாது போகின்றது என்பன அச்சமூகத்தின் உற்பத்தி உறவுகளிலிருந்து பிரித்து நோக்கத்தக்கனவல்ல. கோதுமை மணியொன்று ஆலையில் அரைபடும்போது அதன் முளை ஒரு வழியிலும் வெண்மா பிறிதொரு வழியிலும் செல்கின்றன. விற்றமின் 'ஈ' மிகுதியாகச் செறிந்திருப்பது முளையிலே. அம்முளை எங்கே சென்றது, மா எவருடைய அடுப்புக்கு வந்தது என்னும் வினாவே எம்மை இக்கட்டுரைக்கு இட்டுவந்தது.

தலவாக்கலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில், கொத்மலை ஓயாவை அண்டி அமைந்த சிறு நகரம். அதனைச் சூழ நாற்றிசையும் தேயிலை மலைகள். சி. வி. வேலுப்பிள்ளை பிறந்த மடக்கும்பரைத் தோட்டம் இப்பகுதியிலேயே உள்ளது. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் சென்ற அவரே பின்னாளில் மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்தளித்தவர். இத்தோட்டங்களின் லயங்களைக் காணச் செல்வோர் முதலிற் காண்பது ஆட்களையல்ல. ஆணும் பெண்ணும் பெரட்டுக்களத்திலிருந்து மலைக்குச் சென்றுவிட, பிள்ளைகள் பிள்ளைக்காம்பராவிலோ பள்ளியிலோ இருக்க, வெறிச்சோடிய லயத்து வாசலில் நடமாடுவன கோழிகளே. பேடு ஒன்று குஞ்சுகளோடு கானோரத்துப் புல்லைக் கொத்தும், குப்பைமேட்டைக் கிளறும், தேயிலைச் செடிகளின் அடியிற் புகுந்து புழுவோடு வெளிவரும். இஸ்தோப்பின் மூலையில் கவிழ்த்த கூடையோ, பலகைத் துண்டுகளால் அடித்த பெட்டியோ அதற்கு இரவுத் தங்குமிடம்.

இக்கோழி பெரும்பாலும் பெண்களின் உடைமை. காம்பரா தோட்டத்துக்குரியது, அது நிற்கும் நிலமும் தோட்டத்துக்குரியது, கூலியோ கையில் வருமுன்னரே அரிசிக்கும் முற்பணத்துக்கும் கழிக்கப்பட்டுவந்தது. எவரிடமும் கேளாமல் விற்கவும் அறுக்கவும் அடைவைக்கவும் கூடிய உடைமை என்று ஒரு பெண்ணுக்கு இருந்தது கோழி ஒன்றே என்றால் அது மிகையாகாது. பிள்ளைப்பேற்றின் பின்னும் காய்ச்சலின் பின்னும் முட்டை. விருந்தினர் வந்தால் கோழி. அவசரத் தேவைக்குக் கடைத்தெருவில் சில ரூபாய்கள். ஆதலால் அடைவைத்த முட்டை பொரிக்காமற் போவது அவ்வீட்டாருக்குச் சிறு நட்டமன்று.

பொரிக்காத முட்டையைத் தமிழ் 'கூமுட்டை' என்று வழங்குகின்றது. சேவல் கூடாத முட்டை, கருவுற்று இடையிலே இறந்த முட்டை ஆகிய இரண்டையும் இச்சொல் தன்னுள் அடக்கிக்கொள்கின்றது. உடைத்துப் பார்க்காமல் இரண்டையும் வேறுபடுத்த இயலாத வாழ்விலே பிறந்த சொல் அது. தொல்காப்பிய மரபியல் பறவைகளின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்களை வகுத்திருப்பதையும் இவ்விடத்து நினைவுகூரலாம். பறவையின் குஞ்சுக்கும் மனிதக் குழந்தைக்கும் ஒரே பெயரைப் பயன்படுத்திய மொழியினருக்கு, இவ்விரண்டின் உணவையும் ஒருசேர வைத்து நோக்குவது அந்நியமான காரியமாக இருக்க நியாயமில்லை.

உயிர்ச்சத்துகளின் வரலாறே கோழிக்கூட்டில் தொடங்கியது எனலாம். 1890ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தரின் ஆட்சிக்குட்பட்ட பத்தாவியா நகரத்திலே, பெரிபெரி நோயை ஆராய அனுப்பப்பட்ட கிறிஸ்டியான் ஐக்மான் என்னும் மருத்துவர், தமது ஆய்வுகூடத்துக் கோழிகள் கால் தளர்ந்து விழுந்து மடிவதைக் கண்டார். சில மாதங்களில் எஞ்சியவை தாமாகவே குணமடைந்தன. ஆராய்ந்தபோது தெரியவந்தது இது: கோழிகளுக்கு இராணுவ வைத்தியசாலையின் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய வெள்ளரிசிச் சோறு கொடுக்கப்பட்டுவந்தது. புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்தின் அரிசியைச் சிவிலியக் கோழிகளுக்குக் கொடுக்க மறுத்துவிட்டார். தீட்டாத அரிசி வந்தது, நோய் போயிற்று. அறிவியல் வரலாற்றில் இத்துணை அங்கதம் நிறைந்த நிகழ்ச்சி அரிது. பதவிப் படிநிலையில் ஊறிய ஒரு சமையற்காரரின் கஞ்சத்தனம் கோழிகளைக் காத்தது. உயர்ந்த உணவென்று கருதப்பட்டதே நோய்க்குக் காரணமாயிருந்தது. 1929இல் ஐக்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆயினும் தொடக்கத்தில் அவர், சோற்றிலே நஞ்சு உள்ளது, உமியை அடுத்த மெல்லிய தோல் அதனை முறிக்கின்றது என்றே கருதினார். அரிசியில் இருந்த ஏதோ ஒன்று நீக்கப்பட்டுவிட்டது என்னும் விளக்கத்தை 1901இல் முன்வைத்தவர் அவருக்குப் பின் அப்பணியை ஏற்ற கெரிட் கிரைன்ஸ். இல்லாமையை ஒரு காரணமாகக் காண்பது அக்கால மருத்துவச் சிந்தனைக்கு எளிதாயிருக்கவில்லை. கிருமிகளைத் தேடிப் பழகிய கண்ணுக்கு வறுமை புலப்படுவதில்லை.

விற்றமின் 'ஈ' இதற்கு ஒரு தலைமுறை பிற்பட்டது. 1922இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் எவன்ஸ், கதரின் பிஷப் ஆகிய இருவரும், அக்காலத்தில் முழுமையானதெனக் கருதப்பட்ட உணவில் வளர்க்கப்பட்ட எலிகள் நன்றாக வளர்ந்தும் குட்டி ஈனாமையை அவதானித்தனர். கரு உண்டாயிற்று, ஆனால் தாயின் வயிற்றிலேயே கரைந்தது. அவ்வெலிகளுக்குப் பச்சை இலைக்கோசு கொடுத்ததும் குட்டிகள் பிறந்தன. பின்னர் கோதுமை முளையிலே அப்பொருள் மிகுதியாக இருப்பது தெரியவந்தது. 1936இல் எவன்ஸும் அவருடைய உடனுழைப்பாளரும் கோதுமை முளை எண்ணெயிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தனர். 1938இல் சுவிற்சர்லாந்தில் பவுல் காரர் அதனைச் செயற்கையாகத் தொகுத்தார். இடைப்பட்ட ஆண்டுகளிலேயே ஆய்வு எலியிலிருந்து கோழிக்கு வந்துவிட்டது. விற்றமின் 'ஈ' அற்ற தீனியுண்ட பேடுகளின் முட்டைகளில் கரு முதல் வாரத்திலேயே இரத்தோட்டம் குலைந்து இறப்பதை அடம்ஸ்டோன் 1931இல் விவரித்தார். அதே ஆண்டில் பப்பன்ஹைமர், கெற்ஷ் ஆகியோர் குஞ்சுகளின் மூளைநோயொன்றை இனங்கண்டனர். இரண்டு மூன்று வாரக் குஞ்சு திடீரெனத் தள்ளாடும்; தலை பின்னோக்கி வளையும்; மல்லாந்து விழுந்து கால்களை உதைக்கும். சிறுமூளையில் வீக்கமும் இரத்தக்கசிவும் காணப்படும். 1930களின் இறுதியில் டென்மார்க்கின் ஹென்றிக் டாமும் அவரது உடனுழைப்பாளரும், நெஞ்சுத் தோலின்கீழ் நீல பச்சை நிற நீர் கோக்கும் நோயும் இதே குறையின் விளைவே எனக் காட்டினர். 1957இல் செலேனியம் என்னும் தாதுப்பொருள் இந்நோயைத் தடுப்பது தெரியவந்ததும் விளக்கம் மேலும் விரிந்தது. அது இங்கு எமக்கு முதன்மையானதன்று.

எமக்கு முதன்மையானது வேறு. விற்றமின் 'ஈ' உயிரணுக்களின் மென்றோலிலுள்ள கொழுப்பைக் காறாமற் காக்கின்றது. புண்ணாக்கும் தவிடும் நாட்பட்டாற் காறுவதைக் கண்டோர் அறிவர். உடலுக்குள்ளும் அத்தகைய காறல் ஓயாது நடைபெற முனைகின்றது. சேவலின் விந்தணுவும் கருவின் மூளையும் எளிதிற் காறக்கூடிய கொழுப்பு நிறைந்தவை. ஆதலால் அவை முதலிற் பாதிக்கப்படுகின்றன. ஆனால் முட்டையிடும் பேட்டின் உடலிலோ வெளிப்படையான குறி ஏதும் தோன்றுவதில்லை. அது மேய்கின்றது, கொக்கரிக்கின்றது, முட்டையிடுகின்றது. குறை மஞ்சட்கருவினூடாக மறைவாகக் கடத்தப்படுகின்றது. அடையின் நான்காம் நாளளவில் கரு இறக்கின்றது. அல்லது பொரித்து மூன்றாம் வாரத்தில் குஞ்சு விழுகின்றது. தாயின் தோற்றத்தை மட்டும் கண்டு உணவு போதும் என்று முடிவுசெய்யும் எந்தக் கணக்கும் இவ்விடத்துப் பிழைத்துப்போகும்.

இந்நோய்கள் ஏன் அக்காலத்திற் பெருகின என்பதே வரலாற்று மாணவன் கேட்கவேண்டிய கேள்வி. மேய்ச்சற் கோழிக்கு விற்றமின் 'ஈ' குறைவது அரிது. இளம்புல், கீரை, முளைவிட்ட தானியம், பூச்சி ஆகியன அதற்குப் போதியதைத் தருகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கோழி வளர்ப்பு பண்ணைப் பெண்களின் கைவேலை என்ற நிலையிலிருந்து முதலாளித்துவத் தொழிலாக மாறிற்று. ஆண்டு முழுவதும் முட்டை வேண்டுமெனிற் கோழியைக் கூரையின்கீழ் அடைக்கவேண்டும். அடைத்ததும் வெயில் அற்றுப்போயிற்று. கால் எலும்பு வளைந்தது. அதற்கு மருந்தாக மீனெண்ணெய் தீனியிற் கலக்கப்பட்டது, கால் நிமிர்ந்தது. ஆனால் எளிதிற் காறும் இயல்புடைய அம்மீனெண்ணெய், தீனியிலிருந்த சொற்ப விற்றமின் 'ஈ'யையும் அழித்து மூளைநோயை மிகுவித்தது. ஒரு பிரிவினால் உண்டான குறையைத் தீர்க்கச் சேர்த்த பொருளே மறு குறையைப் பிறப்பித்தது. அதற்கு வேறொரு பொருள் சேர்க்கவேண்டியதாயிற்று. இயங்கியலுக்கு எடுத்துக்காட்டுத் தேடி நாம் எங்கும் அலையவேண்டியதில்லை. நிலத்திலிருந்து உழைப்பாளி பிரிக்கப்பட்ட வரலாறும் நிலத்திலிருந்து கோழி பிரிக்கப்பட்ட வரலாறும் ஒன்றேயென நாம் கூறவில்லை. ஆயினும் இரண்டிலும், முன்பு கேளாமற் கிடைத்தது பின்னர் விலைகொடுத்து வாங்கவேண்டியதாகிவிடுகின்றது.

இப்பொருளுக்குப் பெயரிட்ட கதை சொல்லாய்வாளர் கவனத்துக்குரியது. பிரித்தெடுத்த பொருளுக்குப் பெயர் தேடிய எவன்ஸ், தமது பல்கலைக்கழகத்தின் கிரேக்கமொழிப் பேராசிரியர் ஜோர்ஜ் கல்ஹூனை நாடினார். பிள்ளைப்பேறு என்று பொருள்படும் 'தொக்கொஸ்', தாங்குதல் என்று பொருள்படும் 'பெரெய்ன்' ஆகிய இரண்டையும் இணைத்துத் 'தொக்கோபெரோல்' என்னும் பெயர் உருவாயிற்று. மகவைத் தாங்குவது என்பது கருத்து. ஆனால் 'தொக்கொஸ்' என்ற சொல்லுக்குப் பழங் கிரேக்கத்தில் மற்றுமொரு பொருள் உண்டு. அது வட்டி. பெற்றோரைப் போலப் பிள்ளை இருப்பதுபோற் பணத்திலிருந்து பணம் பிறப்பதால் இப்பெயர் வந்ததென அரிஸ்டோட்டில் தமது அரசியல் நூலிற் கூறி, பொருளீட்டும் வழிகளுள் இதுவே இயற்கைக்கு மிகவும் மாறானது என்கிறார். மார்க்ஸ் 'மூலதனம்' முதற் பாகத்தில் அப்பகுதியை எடுத்தாள்கிறார். வட்டி குட்டி போடும் என்று சொல்லிப் பழகிய தமிழருக்கு இவ்வொப்புமையை விளக்கத் தேவையில்லை. தலவாக்கலை மலைகளிற் குடியேறியோரின் முன்னோர் அதனை ஏட்டிற் படித்தவரல்லர். கங்காணியிடம் பட்ட கடன் ஒரு 'துண்டி'ல் எழுதப்பட்டது. அக்கடனைத் தீர்க்கும் தோட்டம் அத்துண்டோடு ஆளையும் பெற்றுக்கொண்டது. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினால் துண்டுமுறை ஒழிக்கப்படும்வரை கடன் குட்டியீன்று பெருக, அதனைச் சுமந்தவரின் குழந்தைகள் லயங்களில் மடிந்துகொண்டிருந்தன.

பெயரிலே மறைந்திருந்த இரண்டாம் பொருள் நூற்றாண்டின் இறுதியில் நடைமுறையிலும் வெளிப்பட்டது. செயற்கை விற்றமின் 'ஈ'யின் பெரும்பகுதி மருந்துக்கடைக்குச் செல்வதில்லை. கால்நடைத் தீவனத்துக்கே செல்கின்றது. அதனை ஆக்கும் நிறுவனங்களோ உலகிற் சிலவே. ஹொஃப்மன்-லா றோஷ், பாஸ்ஃப் முதலிய நிறுவனங்கள் 1990களில் பல விற்றமின்களின் விலையையும் விற்பனைப் பங்கையும் தம்முள் இரகசியமாக வகுத்துக்கொண்டமை பின்னர் நிரூபிக்கப்பட்டது. அவற்றுள் விற்றமின் 'ஈ'யும் ஒன்று. 1999இல் அமெரிக்க நீதிமன்றத்தில் றோஷ் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டொலர் தண்டம் செலுத்த இணங்கியது. 2001 நவம்பரில் ஐரோப்பிய ஆணைக்குழு எட்டு நிறுவனங்கள்மீது 85.5 கோடி யூரோவுக்குச் சற்று மேற்பட்ட தண்டம் விதித்தது. தண்டம் அரசுகளின் திறைசேரிக்குச் சென்றது. பத்தாண்டுக் காலம் உயர்ந்த விலையில் முட்டை வாங்கிய ஏழை நாட்டு மக்களுக்கு எதுவும் திரும்பவில்லை. 2017 ஒக்டோபரில் ஜேர்மனியின் லூட்விக்ஸ்ஹாஃபனில் பாஸ்ஃபின் ஆலையொன்றில் தீ பற்றியதும் உலகச் சந்தையில் விற்றமின் 'ஏ', 'ஈ' இரண்டின் விலையும் பாய்ந்தேறியது; 2024 யூலையில் அதே நகரத்து விபத்து மீண்டும் அவ்விலைகளை அசைத்தது. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிப் பேரவை 1994இல் இறைச்சிக் கோழிக் குஞ்சின் தீனிக்குப் பரிந்துரைத்த அளவு கிலோவுக்கு 10 அலகு மட்டுமே. இனவிருத்திப் பேடுகளுக்கு இன்று பண்ணைகள் சேர்ப்பது அதனிலும் பல மடங்கு. அடைபட்ட கோழி, றைன் நதிக்கரையின் ஓர் ஆலையிலிருந்து தன் கருவைக் காக்கும் பொருளை எதிர்பார்த்து நிற்கின்றது.

இனி மாவுக்கு வருவோம். தோட்டத் தொழிலாளர் தொடக்கத்தில் அரிசியுண்டவர். இறக்குமதி அரிசி தோட்டத்தாலேயே வழங்கப்பட்டுக் கூலியிற் கழிக்கப்பட்டது. 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் இலங்கைக்கு அரிசி வரும் முதன்மையான வழி அடைபட்டது. பங்கீடு வந்தது, அரிசியின் இடத்திற் கோதுமை மா வந்தது. போர் முடிந்தும் மா போகவில்லை. விடியுமுன் மலைக்குச் செல்லவேண்டிய பெண்ணுக்கு ரொட்டி விரைவிற் சுடக்கூடியது, கையிற் கொண்டுசெல்லக்கூடியது, கறி இல்லாவிடினும் உண்ணக்கூடியது. வேலை நேரமே உணவுப் பழக்கத்தை நிர்ணயித்தது. தோட்ட மக்கள் ரொட்டிப் பிரியர் என்று எழுதுவோர் காலைப் பெரட்டின் நேரத்தை மறந்துவிடுகின்றனர்.

கோதுமை மணியின் நிறையில் முளை நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கே. ஆனால் மணியின் எண்ணெயும் அதனோடு விற்றமின் 'ஈ'யும் அச்சிறு பகுதியிற் செறிந்துள்ளன. எண்ணெய் காறுமாதலின் முளையுள்ள மா நெடுநாள் நிற்பதில்லை. கப்பலேறிக் களஞ்சியத்திற் கிடந்து கடைக்கு வரவேண்டிய மாவுக்கு நீடித்த ஆயுள் வேண்டும். ஆகவே முளை நீக்கப்படுகின்றது. நீக்கப்பட்ட முளையும் தவிடும் பெருமளவு கால்நடைத் தீவனத்துக்குச் செல்வது உலக மாவாலைகளின் வழக்கம். இலங்கையில் 1977க்குப் பின் வந்த திறந்த பொருளாதாரக் கொள்கையின்கீழ், சிங்கப்பூரைச் சேர்ந்த பிரீமா நிறுவனத்தின் பாரிய மாவாலை 1980இல் திருகோணமலையில் இயங்கத் தொடங்கியது. அதே குழுமத்தின் சிலோன் கிரெய்ன் எலிவேட்டர்ஸ் நிறுவனம் 1982இல் உருவாகிக் கோழித் தீவனத்திலும் கோழி வளர்ப்பிலும் முன்னணிக்கு வந்தது. எவருடைய சதியும் இதற்குத் தேவைப்படவில்லை. ஒரு மணி இரண்டாகப் பிரிந்தது. வெண்மா லயத்து அடுப்புக்கு வந்தது. எஞ்சியதற்குத் தீவனத் தொழில் சந்தையாயிற்று. பண்ணைக் கோழியின் தீனிப்பையில் அதற்கு வேண்டிய சத்துகள் யாவும் நிறுக்கப்பட்டு அச்சிடப்பட்டிருக்கின்றன. மாவுப் பையை வாங்கிச் செல்லும் தாயின் உணவை எவரும் அவ்வாறு நிறுப்பதில்லை.

இதற்கு முன்னரே, மாவும் இல்லாத காலம் ஒன்று வந்துபோனது. 1973இலும் 1974இலும் உலகச் சந்தையில் தானிய விலை ஏற, அரிசிப் பங்கீடு குறைக்கப்பட்டு மாவின் விலையும் உயர்ந்தபோது, பயிரிட ஒரு துண்டு நிலமும் அற்ற தோட்ட மக்களே பசியால் மிகுதியாக மடிந்தனர். 1974இல் தோட்டப்புறங்களின் இறப்பு வீதம் ஏறியமையை அரசாங்கப் புள்ளிவிவரங்களே காட்டுகின்றன. கிராமத்து ஏழைக்கு மரவள்ளி நட ஓர் இடமாவது இருந்தது. லயத்தாருக்கு அதுவும் இல்லை.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். தோட்டக் குழந்தைகளின் மெலிவுக்கு விற்றமின் 'ஈ'க் குறையே காரணம் என்று நாம் வாதிடவில்லை. மனிதரில் அக்குறை தனித்து நோயாக வெளிப்படுவது அரிது. தோட்டங்களிற் காணப்படுவது முழு உணவின் போதாமை, இரத்தச்சோகை, குடிநீரின் தூய்மையின்மை ஆகியவற்றின் கூட்டு விளைவு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17.3, தோட்டப்புறத்திலோ 31.7. அடைகோழியின் மஞ்சட்கரு எமக்குக் கற்பிப்பது ஒரு நோயின் பெயரையன்று, ஒரு நோக்கு முறையை. தாய் வேலைக்குச் செல்கிறாள், கொழுந்து நிறுக்கப்படுகின்றது, பேர் விழுகின்றது; ஆகவே யாவும் நலமே என்று கணக்கு முடிக்கப்படுகின்றது. குறை அடுத்த தலைமுறையின் உடலிலே எழுதப்படுகின்றது.

ஊர்க்கோழியைப் பற்றியும் கற்பனை வேண்டியதில்லை. அது ஆண்டுக்கு ஐம்பது அறுபது முட்டைக்கு மேல் இடுவதில்லை. பண்ணைப் பேடு முந்நூறளவில் இடுகின்றது. கழிச்சல் நோய் வந்தால் ஒரு லயத்தின் கோழிகள் யாவும் ஒரு வாரத்திற் போய்விடும். பருந்தும் நாயும் குளிரும் குஞ்சுகளைக் கொண்டுபோகும். லயத்துக் கோழிக்கு இரவிற் போடப்படும் மிஞ்சிய சோற்றிலும் ரொட்டித் துண்டிலும் சத்து அதிகமில்லை. அது பிழைப்பது பகலில் தானே தேடிக்கொள்ளும் பச்சையினால். இதுவே எம் வாதத்துக்கு உயிரானது. வீட்டாரும் கோழியும் உண்பது ஒரே மாவை. ஆனால் கோழிக்கு லயத்தின் புறத்தே மேய்ந்துவரும் உரிமை உண்டு.

அப்புறவெளியும் சுருங்கிவந்துள்ளது. முள்ளினால் புல் வெட்டிய காலத்தில் தேயிலை மலையிற் பலவகைப் பூண்டுகள் இருந்தன. வல்லாரையும் வேறு கீரைகளும் பெண்களின் மடியில் வீட்டுக்கு வந்தன. இரசாயனக் களைகொல்லிகள் வந்ததும் கூலியாட்களின் தொகை குறைந்தது, செலவு குறைந்தது, பச்சையும் குறைந்தது. பரகுவாட் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டது. கிளைபோசேட் 2015இல் தடைசெய்யப்பட்டு 2018இல் தேயிலைக்கு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இத்தடையும் தளர்வும் பற்றிய விவாதங்களில் விளைச்சலும் ஏற்றுமதியும் பேசப்பட்டன. உழைப்போரின் சிறுநீரகமும் பேசப்பட்டது. கீரையும் கோழியும் எவருடைய வாயிலும் வரவில்லை.

தலவாக்கலை மற்றுமொரு காரணத்தாலும் இவ்வாய்வுக்கு ஏற்ற இடம். 1925ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் இந்நகரத்தை அடுத்த செயின்ட் கூம்ஸ் தோட்டத்திலே நிலைகொண்டுள்ளது. தேயிலைச் செடியின் இலை வெளிறினால் அது எக்குறை என இங்குக் கண்டறியப்படும்; துத்தநாகக் குறையெனில் துத்தநாகக் கரைசல் தெளிக்கப்படும்; மக்னீசியம், பொட்டாசியம் ஒவ்வொன்றுக்கும் அளவு வகுக்கப்படும். அவ்வறிவின் பெறுமதியை நாம் குறைத்துரைக்கவில்லை. பயிர் வாழ்ந்தாலன்றித் தொழிலாளர் வாழவியலாது. ஆனால் ஓர் இலையின் குறைக்கு ஒரு நூற்றாண்டு ஆராய்ச்சி கிடைத்திருக்க, அவ்விலையைப் பறிக்கும் விரல்களின் குறைக்கு அது கிடைக்கவில்லை. இன்னுமொரு செய்தி: தேயிலை இலையே விற்றமின் 'ஈ' நிறைந்த இலைகளுள் ஒன்று. யப்பானிய உணவுச் சத்துப் பட்டியல், உலர்ந்த பச்சைத் தேயிலையில் 100 கிராமுக்கு 60 மில்லிகிராமுக்கு மேல் அச்சத்து உள்ளதெனக் கணக்கிட்டுள்ளது. ஆனால் அது கொழுப்பிற் கரைவது, நீரிற் கரையாதது. ஆதலால் பருகும் தேநீரில் அது இறங்குவதில்லை, சண்டியோடு எறியப்படுகின்றது. நாளெல்லாம் அவ்விலையைக் கையால் அள்ளுவோர் மாலையிற் குடிப்பது கழித்த தூளின் சாயத்தை.

நிலம் பற்றிய வினா இப்பகுதியில் ஏட்டு வினாவாக இருந்ததில்லை. 1977இல் நுவரெலியா மாவட்டத் தோட்டக் காணிகளில் 7,000 ஏக்கரைப் பிரித்தெடுக்கும் முயற்சியை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டபோது, மே 11ஆம் நாள் தலவாக்கலையை அடுத்த டெவன் தோட்டத்திற் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் சிவனு லெட்சுமணன் உயிரிழந்தார். அன்று எழுந்தது வேலை பறிபோகும் அச்சம் மட்டுமன்று. காலூன்றி நிற்கும் மண்ணும் தமதல்ல என்னும் உணர்வுமாகும். குடியுரிமைச் சட்டங்களும் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தமும் எழுப்பிய அச்சம் அதற்குப் பின்னணியாயிருந்தது.

2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது இறக்குமதிச் சோளமும் விற்றமின் கலவையும் அரிதாகின. சிறு பண்ணைகள் பல மூடப்பட்டன. அவ்வாண்டு ஓகஸ்டில் வெள்ளை முட்டையொன்றுக்கு 43 ரூபா என அரசு உச்ச விலை விதித்தும் சந்தை அதற்குப் பணியவில்லை. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதியாயிற்று. அந்நெருக்கடியிலே வீட்டுக்கு வீடு கோழி வளர்க்குமாறு அறிவுரைகள் கூறப்பட்டன. நல்ல அறிவுரைதான். ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் வாழ்வோர் அதனை எங்ஙனம் ஏற்பது என்பதை அறிவுரை கூறியோர் விளக்கவில்லை.

அண்மைக் காலத் தனிவீட்டுத் திட்டங்களிற் குடும்பமொன்றுக்கு 7 பேர்ச் காணி அளவாகக் கொள்ளப்பட்டது. 20 பேர்ச் வேண்டுமென்னும் கோரிக்கையும் எழுந்தது. 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். 550 சதுர அடி வீடு அதில் 51 மீற்றரைக் கொள்ள, 126 எஞ்சும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, திறந்தவெளிக் கோழியின் முட்டை என்று பெயர்பொறித்து விற்கவேண்டுமாயின் பேடு ஒன்றுக்கு 4 சதுர மீற்றர் புறவெளி இருத்தல் வேண்டும். அக்கணக்கில் அவ்வெஞ்சிய நிலம் முப்பது பேடுகளுக்குப் போதும். வீட்டாருக்குக் கீரைப்பாத்தி வேண்டுமாயிற் பதினைந்துக்கு. ஆனால் லயங்களில் இன்றும் வாழும் குடும்பங்களுக்கோ தாம் குடியிருக்கும் காம்பராவின் அடிநிலத்துக்குக்கூட உறுதி வழங்கப்படவில்லை.